தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

ஓசூர்
22-1-2025

அம்மாவுக்கு,

பொங்கல் முடிந்து நான் பஸ் ஏறியதிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. அப்பாதான் எடுக்கிறார். ஒரு நாள் "அம்மா தூங்குது" என்கிறார், மறுநாள் "அம்மா கடைக்குப் போயிருக்கு" என்கிறார். பின்னால் உன் தையல் மிஷின் ஓடும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் கடிதம். இதை நீ கிழிக்கலாம். ஆனால் படிக்காமல் கிழிக்கிற ஆள் இல்லை நீ.

பொங்கலன்று நான் கேட்டது தப்பில்லை, கேட்ட விதம்தான் தப்பு. கீரனூர் மாப்பிள்ளை வீட்டு ஜோசியர், பெண் பிறந்த நேரம் சரிதானா என்று விசாரிக்கச் சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். நீ "சரிதான்" என்றாய். நான் உடனே, "நீ பெறலையே, ஒனக்கு எப்படி நேரம் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். தரகர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ கரும்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போன முகம் பஸ் முழுக்கக் கூடவே வந்தது.

என்னைத் தத்தெடுத்தது நமக்குள் ரகசியம் இல்லை. பத்தாவது பரீட்சை முடிந்ததும் நீயும் அப்பாவும் உட்கார வைத்துச் சொன்னீர்கள். நான் அழவில்லை என்று நீ ஆச்சரியப்பட்டாய். எனக்கு அதற்கு முன்பே தெரியும் அம்மா. எப்படித் தெரியும் என்று இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நம் தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் தவிட்டுக்குத்தான் வாங்கியிருந்தார்கள். அடம் பிடித்தால், சேட்டை செய்தால், சும்மா அழ வைத்துப் பார்க்க ஆசை வந்தால், "ஒன்னயத் தவிட்டுக்குல்ல வாங்குனோம்" என்பார்கள். அதுவும் அழும், இவர்களும் சிரிப்பார்கள். என்னை மட்டும் நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு எட்டு வயதில், குன்றாண்டார்கோவில் வள்ளிமயில் சித்தி வீட்டுக் காதுகுத்தில், பாயசம் போதாது என்று நான் அழுதபோது சித்தி வாய் தவறி அதைச் சொன்னார். நீ சாப்பிட்ட எலையை மூடாமல் எழுந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். சொந்தத் தங்கையோடு அதன்பிறகு பேசவே இல்லை. எல்லோருக்கும் விளையாட்டாக இருப்பது என் விஷயத்தில் மட்டும் ஏன் விளையாட்டாக இல்லை என்று அன்றைக்கே யோசித்தேன்.

நீங்கள் என்னைத் தூக்கி வந்த திருச்சி குழந்தைகள் இல்லத்துக்கு எழுதிக் கேட்டேன். என்னைப் பற்றிய பதிவு இருக்கிறதாம். தத்தெடுத்தபோது கோர்ட் கொடுத்த ஆர்டரோடு நேரில் வந்தால் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். அது உன் பீரோவில் இருக்கிறது. அனுப்பி வை அம்மா. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என்னைக் கொடுத்தார்களா, போட்டுவிட்டுப் போனார்களா?

உன் மகள்,
பிரகதீஸ்வரி

---

அன்னவாசல்
30-1-2025

பிரகதிக்கு அம்மா எழுதுவது.

இங்கே யாரும் நலமில்லை. அங்கே நலமா என்று கேட்கிற மனநிலையிலும் நான் இல்லை.

போனை ஏன் எடுக்கவில்லை என்று உன் அப்பாவிடம் கேட்டாயாம். எடுத்தால் "அம்மா" என்பாய். அந்த ஒரு வார்த்தையிலேயே நீ கேட்டதற்கெல்லாம் சரி சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே என்னை ஏமாற்றுகிறாய். கடிதத்தில் என்றால் தைரியமாக முடியாது என்று எழுதலாம். முடியாது.

கோர்ட் ஆர்டர் பீரோவில்தான் இருக்கிறது. பீரோ சாவியைக் காணோம்.

உன் கடிதம் வந்த அன்று டீச்சர் வீட்டு ஜாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததில்லை. டீச்சர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "என்ன சின்னப்பிள்ளை, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்? என் மகள் வேறு அம்மா தேடுகிறாள் என்று சொல்லட்டுமா?

அந்தத் தவிட்டுப் பேச்சு உன் மனதில் தங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. மயிலு வாய்க்கு அது பழக்கம். அவள் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வாள். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். அது அன்றைக்கே எனக்கும் தெரியும். ஆனால் பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம். சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறேன், எனக்கென்ன வெட்கம். நீ போய்த் தேடி, அவள் கிடைத்து, உன்னைப் பார்த்து "என் மகளே" என்று சொல்லிவிட்டால், அப்புறம் நான் யார்? வளர்த்தவள். "வளத்தவ" என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது. கோழியை வளர்க்கிறார்கள், ஆட்டை வளர்க்கிறார்கள்.

நம் தெரு வசந்தகுமார் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறான். அதிரசமும் தைலமும் கொடுத்துவிடுகிறேன். பனி விடுகிறவரை ராத்திரி படுக்கும்போது நெஞ்சில் தைலம் தடவிக்கொள். மறக்காதே. உன் நெஞ்சுக்குப் பனி ஆகாது என்று எனக்குத் தெரியும். அது எந்தப் பதிவிலும் இருக்காது.

அம்மா

---

ஓசூர்
9-2-2025

அம்மாவுக்கு,

அதிரசம் வந்தது. பாதியை என் ரூம் ரம்யா தின்றுவிட்டாள். "ஒங்கம்மாவை ஹாஸ்டலுக்கே கூட்டிட்டு வந்துரு" என்கிறாள். தைலம் தடவிக்கொள்கிறேன். ரூம் முழுக்க அந்த வாசம்.

பீரோ சாவி உன் தாலிக்கொடியில், இரண்டு ஊக்குக்கு நடுவில் தொங்குகிறது. குனிந்து பார்.

அப்பாவைத் திட்டாதே. நீ கடைக்குப் போன நேரத்தில் அவர் ஏதோ ஒரு பழைய சாவியைப் போட்டுப் பீரோவைத் திறந்து அந்த ஆர்டரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். நாலு படம் அனுப்பினார். நாலிலும் அவர் கட்டைவிரல்தான் இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஓரமாக ஒரு முத்திரை தெரிகிறது. லோடு ஆட்டோவைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கிற மனிதருக்கு ஒரு படம் எடுக்க வரவில்லை. அவர் பாவம், நம் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்.

"அப்புறம் நான் யார்" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் மை கலைந்திருந்தது. நீ என் அம்மா. இதைச் சொல்ல எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அங்கே போய் என்ன தெரிந்தாலும், நல்லதோ கெட்டதோ, அதைச் சொல்ல நான் ஓடி வரப்போவது உன்னிடம்தான். வேறு யாரிடம் போவேன்?

கொடுக்க மனம் வரவில்லை என்றால் நான் மறுபடி கேட்க மாட்டேன். சத்தியமாகக் கேட்க மாட்டேன். ஆனால் ஜாதகத்தைப் பற்றியாவது சொல். சர்ட்டிபிகேட்டில் எனக்கு ஆடி மாதம் ஒரு தேதி. ஜாதகத்தில் ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபது. ஸ்கூலில் சேர்க்க ஒரு தேதி, ஜாதகத்துக்கு ஒரு தேதி என்று நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தானே, நமக்கும் அப்படித்தான் போல என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது யோசித்தால் அந்தப் பத்து இருபதை உன்னிடம் யார் சொன்னார்கள் என்று புரியவில்லை.

பிரகதி

---

அன்னவாசல்
27-2-2025

பிரகதிக்கு,

நேற்று நானும் அப்பாவும் திருச்சி இல்லத்துக்குப் போய் வந்தோம். பதறாதே, முழுதும் படி.

ஆர்டரைத் தபாலில் போட எனக்கு மனசு வரவில்லை. நீ தனியாகப் போய், அங்கே அவர்கள் ஏதாவது கெட்ட செய்தியைப் பட்டென்று சொல்லி, நீ அந்த வாசலில் நின்று அழுதால் யார் பார்த்துக்கொள்வது? நான் முதலில் போய்க் கேட்டுக்கொள்கிறேன், கேட்கக் கூடாததாக இருந்தால் நானே முழுங்கிவிட்டு உனக்கு வேறு மாதிரி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்பா, "அது தப்பு சின்னப்பிள்ள" என்றார். "வண்டிய ஓட்டுங்க" என்றேன்.

அங்கே ஆரோக்கியதாஸ் என்று ஒரு அதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனால் பிடிகொடுக்கவில்லை. "நீங்க அம்மாங்கிறது சரிங்கம்மா. ஆனா கேக்க வேண்டியது ஒங்க மக. அவங்களுக்கு மட்டுந்தான் சொல்ல முடியும்" என்றார். நான் விடுவேனா? "அவளுக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் டாக்டர் என்கிட்டதானே சொன்னாரு, மகதான் வந்து கேக்கணும்னாரா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார். காபி கொடுத்தால் நான் அடங்கிவிடுவேன் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, அடங்கிவிட்டேன்.

அந்த ஹால் அப்படியே இருக்கிறது. பெயின்ட் மட்டும் மாறியிருக்கிறது. அங்கேதான் உன்னை என்னிடம் கொடுத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். இல்லத்து அம்மா ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். குழந்தைக்குப் பால் எப்படிக் கரைப்பது, எத்தனை தடவை கொடுப்பது என்று. நல்ல விஷயங்கள்தான், ஆனால் எனக்குச் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ராகுகாலம் பிறந்துவிட்டால் எப்படி உன்னைக் கையில் வாங்குவது? "அதெல்லாம் அப்புறம் சொல்லுங்கம்மா" என்று அவர் கையிலிருந்து உன்னைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் பத்து இருபது. நீ என் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஜாதகம் எழுத ஜோசியர் பிறந்த நாளும் நேரமும் கேட்டார். எனக்குத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான். அந்த நாளோடு அதைச் சொன்னேன். இதுவரை ஏழெட்டு வரன் அந்த ஜாதகத்தால்தான் தட்டிப்போனது என்று அப்பா முணுமுணுக்கிறார். தட்டிப்போகட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

ஆர்டரை இதோடு ரிஜிஸ்டர் தபாலில் வைத்திருக்கிறேன். நீ போ. போய்க் கேள். என்னைக் கூட வரச் சொல்லாதே, நான் வந்தால் அந்த ஆளிடம் மறுபடி சண்டை போடுவேன். என்ன தெரிந்தாலும் முதலில் எனக்கு எழுது.

அம்மா

---

ஓசூர்
6-4-2025

அம்மாவுக்கு,

ஆரோக்கியதாஸ் சாரைப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டதே, "அம்மா வரலையா? காபி சொல்லலாம்னு இருந்தேன்" என்பதுதான். உன்னை அவர் மறக்கவில்லை.

என்னைப் போட்டுவிட்டுப் போகவில்லை அம்மா. பெற்றவரே தூக்கி வந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பதிவில் இருந்தது அவ்வளவுதான். அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு சொல்ல முடியும் என்று சார் சொல்லி, அவரை விசாரிக்க ஆள் அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நேரில் வேண்டாம், போனில் ஒரு தடவை பேசுகிறேன் என்றாராம். நேற்று இல்லத்திலிருந்தே பேச வைத்தார்கள்.

அறந்தாங்கிப் பக்கம் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் உனக்கும் சொல்லவில்லை. நான் "ஹலோ" என்றேன். "நல்லா இருக்கியா ஆத்தா?" என்றார். நல்லா இருக்கேன் என்றேன். மற்றதெல்லாம் அவரேதான் சொன்னார்.

எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் கைக்குழந்தையிலேயே நெஞ்சுச் சளியில் போய்விட்டன. நான் வயிற்றில் இருக்கும்போது புருஷனும் போய்விட்டார். "என் கையில எதுவுமே தங்கலத்தா. நீயும் போயிருவேன்னு ராத்திரியெல்லாம் ஒன் மூக்குல வெரல வச்சு வச்சுப் பாப்பேன். எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்னுதான் இங்கிட்டுத் தூக்கிட்டு வந்தேன்" என்றார்.

அடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒன்னய இல்லத்துக்காரங்க கையில குடுக்கும்போது, தவிடு குடுங்கன்னு கேட்டேன். அவங்களுக்குப் புரியல. காசு கேக்குறேன்னு நெனச்சுட்டாங்க. காசு வேணாம், ஒரு கை தவிடு குடுத்தாத்தான் பிள்ளையத் தருவேன்னு உக்காந்துட்டேன். பெறகு மாட்டுக் கொட்டாயிலேருந்து மொறத்துல அள்ளிட்டு வந்தாங்க. முந்தானையில வாங்கி முடிஞ்சுக்கிட்டுத்தான் ஒன்னயக் குடுத்தேன்."

முந்தின பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு இன்னொருத்தருக்கு விற்றுவிட்டால் அது பிழைக்கும் என்பார்களே, அதுதான். எனக்கு அந்த வார்த்தை திட்டுகிற வார்த்தையாக மட்டுமே தெரியும். அது இதிலிருந்துதான் வந்தது என்று தோன்றவே இல்லை. விற்றவர்கள் திரும்ப வாங்கிக்கொள்வதுதானே வழக்கம், நீங்கள் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"வாங்குனா நீ என் பிள்ளையாயிருவியே ஆத்தா" என்றார்.

நான் அழுதேன் அம்மா. சார் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒனக்கு நெஞ்சுச் சளி வருமா?" வரும், ஆனால் எங்கம்மா பார்த்துக்குவாங்க என்றேன். நான் ரெண்டாவது படிக்கும்போது ஒரு மார்கழி பூராவும் நீ என்னை நெஞ்சில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்கினதைச் சொன்னேன். தைலம் இப்போதும் ஓசூருக்கு வருகிறது என்றேன். "அப்ப சரி" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அப்ப சரி, அப்ப சரி.

பிறகு மறுகல்யாணம் ஆகி, இப்போது அவருக்கு இரண்டு பையன்கள். அவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியாது. இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றார், நானும் ஒத்துக்கொண்டேன். என் பேரைக் கேட்டார். சொன்னதும், "பெரிய பேரா வச்சிருக்காங்க" என்று சிரித்தார். நான் பிறந்தது ஆடி மாதம், விளக்கு வைக்கிற நேரமாம். இனி ஜோசியரிடம் நீ சரியான நேரம் சொல்லலாம்.

நம் தெருவில் இத்தனை பிள்ளைகள் இருந்தோம். நிஜமாகவே தவிட்டுக்கு வாங்கினது என்னை மட்டும்தான் அம்மா. நீ சொல்லவே சொல்லாத அந்த வார்த்தையை இப்போது உன் வாயால் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

உன் பிரகதி

---

அன்னவாசல்
16-4-2025

பிரகதிக்கு,

கடிதம் வந்த அன்று நீ கூப்பிட்டபோது போனை எடுத்தேன். எடுத்தும் என்ன பிரயோஜனம், நீயும் அழுதாய், நானும் அழுதேன், உன் அப்பா போனைப் பிடுங்கி "டவர் இல்லத்தா" என்று வைத்துவிட்டார். அதனால் இதையும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளைப் பற்றி இத்தனை வருடம் என்னென்னவோ நினைத்திருக்கிறேன். சில நாள் திட்டியிருக்கிறேன், சில நாள் கும்பிட்டிருக்கிறேன். உன் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மிஷினை நிறுத்திவிட்டேன். நானும் அப்படித்தான் பார்ப்பேன். நீ வந்த புதிதில் ராத்திரி எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. இரண்டு பேரும் ஒரே பிள்ளையின் மூச்சைப் பார்த்திருக்கிறோம். இனி அவளைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. சாமிக்கு விளக்கேற்றும்போது அவளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. தவிடு கொடுத்தது யார்? இல்லம். பிள்ளையை வாங்கினது யார்? நான். அப்படியானால் நான் உன்னைச் சும்மா தூக்கி வந்திருக்கிறேன். கணக்குச் சரியில்லையே. அப்பாவிடம் சொன்னேன், "போயும் போயும் தவிட்டுக்கா கவலைப்படுற" என்றார். அவருக்கு என்ன தெரியும்?

சித்திரை முதல் நாளே மில்லில் ஒரு மூட்டை தவிடு வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனோம். ஆரோக்கியதாஸ் வாசலில் நின்று, "என்னம்மா மூட்டையெல்லாம்?" என்றார். "பாக்கி" என்றேன். நல்ல வேளை, மாட்டுக் கொட்டகை இன்னும் இருக்கிறது. ஒரு பசுவும் கன்றும் நின்றன. என் கையாலேயே முறத்தில் அள்ளி வைத்தேன். பசு சுத்தமாக நக்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தது. மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

ஜாதகத்தை நான் மாற்றப்போவதில்லை. ஆடி மாதம், விளக்கு வைக்கிற நேரம், அது அவள் உன்னைப் பெற்ற நேரம். அது அவளுக்கு. பத்து இருபது எனக்கு. இனி எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் ஜாதகமே கொடுப்பதாக இல்லை. பெண்ணைப் பார்த்துப் பிடித்தால் வரட்டும், இல்லையென்றால் போகட்டும். கீரனூர்க்காரனிடமும் அப்படியே சொல்லியாயிற்று.

வரும் வழியில் கீரனூரில் வண்டியை நிறுத்தச் சொல்லி மயிலுக்குப் போன் போட்டேன். நம்பரை அப்பா வைத்திருந்தார், இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எடுத்ததும் "யாரு?" என்றாள். குரல் அப்படியே இருக்கிறது.

"நான்தான்டி. நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். பிரகதியத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம். ஒரு மூட்டை குடுத்துட்டு இப்பத்தான் வர்றோம்" என்றேன்.

"அக்கா" என்றாள், அவ்வளவுதான், அப்புறம் அழுகைதான். ரோட்டோரம் நின்று நானும் அழுதேன். உன் அப்பா எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலு பிள்ளைகளோடு வருகிறாள். அந்தக் காதுகுத்தில் பாதி எலையில் எழுந்து வந்த சாப்பாட்டை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும். பாயசம் நிறைய வைக்கிறேன். நீ சனிக்கிழமையே வந்துவிட வேண்டும். லீவு இல்லை, ஷிப்ட் மாற்ற முடியாது என்று ஏதாவது காரணம் சொன்னாய் என்றால், திருச்சிக்குப் போய் என் தவிட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

தவிடு கொடுத்து வாங்கின,
அம்மா